ஸ்கிரீன்ல டாக்டர் ரெடி... சட்டம் ரெடியா?

அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்ப ஒரு காரியம் பண்ணுங்க. உங்க அப்பத்தாவோ அம்மாச்சியோ டாக்டரைப் பார்க்கக் கிளம்பும்போது, துணைக்கு நீங்களும் போய்ட்டு வாங்க. மறக்காம கையில வாட்ச் கட்டிக்கோங்க.

உதாரணத்துக்கு, தேனி மாவட்டத்துல வருசநாட்டுக்கும் மேலே மலையடிவாரத்துல ஒரு சின்ன ஊர்னு வெச்சுக்குவோம். அப்பத்தாவுக்கு வயசு எழுபது. சர்க்கரை, பி.பி. ரெண்டும் உண்டு. விடியறதுக்கு முன்னாடியே எழுந்து, முதல் பஸ்ஸைப் பிடிச்சு, கடமலைக்குண்டு வந்து, அங்கேருந்து க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஓ.பி. சீட்டுக்கு ஒரு க்யூ, டாக்டருக்கு ஒரு க்யூ, மாத்திரைக்கு ஒரு க்யூ. டாக்டர் ரூமுக்குள்ள இருந்த நேரம் எவ்வளவுனு வாட்ச்சைப் பாருங்க. நாலு நிமிஷம் இருந்தா அதிகம். 'அதே மாத்திரையைப் போடுங்க, உப்பைக் குறைங்க பாட்டி'னு சொல்லி அனுப்பிடுவாங்க. துணைக்கு வந்த சித்தப்பாவுக்கு அன்னிக்குக் காட்டு வேலைக் கூலி போச்சு. அடுத்த மாசம் அப்பத்தாவே சொல்லும்... "எனக்கென்னப்பா, நல்லாத்தான் இருக்கேன். இந்த மாசம் வேணாம்."

அந்த 'வேணாம்'லதான் ஃப்ரெண்ட்ஸ், ஆபத்து ஆரம்பிக்குது. கட்டுப்பாட்டுல இல்லாத சர்க்கரை கண்ணுலயும் கால்லயும் கிட்னியிலயும் வேலையைக் காட்டறது இப்படி விட்டுப்போன மாசங்கள்லதான்.

'அதான் இப்ப ஆளாளுக்குக் கையில செல்போன் இருக்கே, வீடியோ கால்ல டாக்டரைப் பார்த்தா முடிஞ்சது'னு நீங்க சொல்வீங்க. கரெக்ட்தான். ஆனா அந்த வீடியோ காலுக்கும் அப்பத்தாவுக்கும் நடுவுல நிக்கிறது டவரும் சிக்னலும் மட்டும் இல்லை. சட்டப் புத்தகங்களும் நிக்குது. கொஞ்சம் புரட்டிப் பார்ப்போமா?

வயர் முன்னாடியே வந்துடுச்சு!

டெலிமெடிசின் நேத்துப் பெய்த மழையில முளைச்ச சமாசாரம் இல்லை. 2000 மார்ச் மாசம் அமெரிக்க ஜனாதிபதியா இருந்த பில் கிளின்டன் இந்தியா வந்தார். ஐதராபாத்துல இருந்தபடியே அவர் ஒரு மையத்தைத் தொடங்கி வெச்சார். சித்தூர் மாவட்டத்துல இருக்கிற அரகொண்டாங்கிற கிராமத்துல, அப்போலோ குழுமம் ஆரம்பிச்ச டெலிமெடிசின் மையம் அது. அப்போலோவை நிறுவிய டாக்டர் பிரதாப் சி.ரெட்டியோட சொந்த ஊர்தான் அரகொண்டா. அடுத்த வருஷமே இஸ்ரோ களத்துல இறங்குச்சு. தூரத்து ஆஸ்பத்திரிகளை சாட்டிலைட் வழியா நகரத்து ஸ்பெஷாலிட்டி ஆஸ்பத்திரிகளோட இணைக்க ஆரம்பிச்சாங்க. அந்தமான்ல போர்ட் பிளேர் அரசு ஆஸ்பத்திரிக்கும் சென்னை ராமச்சந்திராவுக்கும் இடையில வங்காள விரிகுடாவைத் தாண்டி எக்ஸ்ரே படங்கள் பறந்துச்சு.

நம்ம தேனியிலயே ஒரு கதை உண்டு. அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, சுத்துப்பட்டு ஊர்கள்ல 'விஷன் சென்டர்' ஆரம்பிச்சாங்க. கண்ணைப் பரிசோதிக்கப் பயிற்சி எடுத்த பெண்கள் அங்கே இருப்பாங்க. டாக்டர் தேனியில ஸ்கிரீன்ல இருப்பார். ஆனா நடுவுல நல்ல இணைப்பு வேணுமே? அமெரிக்காவோட பெர்க்லி பல்கலைக்கழகத்துலேருந்து வந்த ஆய்வுக் குழு, ஒரு ஹாஸ்டல் மாடிக்கே சரியாப் பத்தாத சாதாரண வை-ஃபையை எடுத்து, குறிபார்க்கும் ஆன்டெனாவை உயரத்துல மாட்டி, கிலோமீட்டர் கணக்குல தூரம் போக வெச்சுது.

இதுல கவனிக்க வேண்டிய பாயின்ட் என்ன தெரியுமா? வை-ஃபை ஓடற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை லைசென்ஸ் இல்லாம வெட்டவெளியிலயும் பயன்படுத்தலாம்னு மத்திய அரசு விதி போட்டது 2005-லதான். ஒரு விதி மாறினா ஒரு கிராமத்துக்குக் கண் டாக்டர் கிடைக்கிறார். டெக்னாலஜியோட கதையில பாதி இப்படி கெஜட்லதான் எழுதப்பட்டிருக்கு!

செய்யலாமா, கூடாதா?

இணைப்பு வந்துடுச்சு. ஆனா, 'ஸ்கிரீன்ல பார்த்து ஒரு டாக்டர் மருந்து எழுதலாமா?'ங்கிற கேள்விக்கு இருபது வருஷமா நேரடியான பதிலே இல்லைன்னா நம்புவீங்களா?

டாக்டர்கள் எப்படி நடந்துக்கணும்னு சொல்ற விதித்தொகுப்பு 2002-ல வந்துச்சு. மருத்துவ கவுன்சிலோட நடத்தை, நெறிமுறை விதிகள். அதுல டெலிமெடிசினுக்குனு தனி அத்தியாயம் எதுவும் இல்லை. 2003-ல தகவல் தொழில்நுட்பத் துறை சில தர வழிகாட்டுதல்களை வெளியிட்டுச்சு. மிஷின் எப்படி இருக்கணும், டேட்டா எந்த வடிவத்துல போகணும்ங்கிறதுக்கு அது உதவுச்சு. 'மருந்து எழுதினா நான் மாட்டுவேனா?'ங்கிற டாக்டரோட கேள்விக்கு அதுல விடை கிடையாது.

அதுக்குள்ள கோர்ட்டுகள் பேச ஆரம்பிச்சுது. 2009-ல மார்ட்டின் டிசோசா வழக்குல உச்ச நீதிமன்றம் டாக்டர்களுக்குச் சில எச்சரிக்கைகள் சொல்லுச்சு. நேர்ல பரிசோதிக்காம பொதுவா மருந்து எழுதக்கூடாது. உயிர் போற அவசரம் தவிர, போன்ல மருந்து சொல்ற பழக்கத்தைத் தவிர்க்கணும்ங்கிறதும் அதுல ஒண்ணு.

அடுத்த அதிர்ச்சி 2018 ஜூலையில. மகாராஷ்டிராவோட ரத்னகிரியில, சிசேரியன் முடிஞ்சு வீட்டுக்குப் போன ஒரு இளம்பெண், உடம்பு சரியில்லாம திரும்பவும் ஆஸ்பத்திரிக்கு வந்தாங்க. டாக்டர் தம்பதி ஊர்ல இல்லை. போன்லயே மருந்து சொல்லி அட்மிட் பண்ண வெச்சாங்க. அந்தப் பெண் இறந்துபோனாங்க. டாக்டர்கள் கேட்ட முன்ஜாமீனை மும்பை உயர் நீதிமன்றம் மறுத்துடுச்சு. நோய் என்னன்னு கண்டறியாம மருந்து கொடுக்கறது தண்டனைக்குரிய அலட்சியம்ங்கிற கருத்தையும் பதிவு பண்ணுச்சு.

யோசிச்சுப் பாருங்க. அந்தக் குடும்பத்தோட பக்கம் நின்னு பார்த்தா கோர்ட் சொன்னதுல என்ன தப்பு? ஒரு உயிர் போயிருக்கு. அந்த வழக்குல வீடியோ கிடையாது, டெலிமெடிசின் மையம் கிடையாது. ஆனா செய்தியைப் படிச்ச டாக்டர்கள் மனசுல பதிஞ்சது ஒரே வரிதான்: 'போன்ல மருந்து சொன்னா ஜெயில்!' மலையூருக்கு ஸ்கிரீன் வழியா வைத்தியம் பார்க்க மனசிருந்த டாக்டர்கூட இதைப் படிச்சா ஒரு அடி பின்னாடிதானே வைப்பார்?

பூட்டு போட்ட அன்னிக்குத் திறந்த கதவு

2020 மார்ச் 25. இந்த தேதியை நீங்க மறந்திருக்க மாட்டீங்க. கொரோனாவுக்காக நாடு முழுக்க ஊரடங்கு ஆரம்பிச்ச நாள். அதே நாள்லதான் 'டெலிமெடிசின் நடைமுறை வழிகாட்டுதல்கள்' வெளியாச்சு. 2002 விதிகளோட ஐந்தாவது பின்னிணைப்பா அதைச் சேர்த்தாங்க. இருபது வருஷமா நகராத ஃபைல், ஒரு வைரஸ் வந்ததும் ஓடுச்சு!

அது சொன்ன முக்கியமான விஷயங்கள் இவை:

* பதிவு பெற்ற டாக்டர் இந்தியாவோட எந்த மூலையில இருந்தும், எந்த மாநில நோயாளிக்கும் டெலிமெடிசின்ல ஆலோசனை சொல்லலாம்.
* நோயாளி தானே போன் போட்டுப் பேசினா சம்மதம் கொடுத்ததாவே அர்த்தம். நர்ஸோ வேறு யாரோ ஆரம்பிச்சு வெச்சா, வெளிப்படையா சம்மதம் கேட்டுப் பதிவு பண்ணணும்.
* கிராமத்துல நோயாளி பக்கத்துல நர்ஸ் இருந்து, பரிசோதிச்சு, டாக்டர்கிட்ட சொல்லலாம். மருந்து எழுதறது டாக்டர் மட்டும்தான்.
* 'இதை ஸ்கிரீன்ல பார்க்க முடியாது, நேர்ல வாங்க'னு சொல்ல டாக்டருக்கு எப்பவும் உரிமை உண்டு.
* செயற்கை நுண்ணறிவு மென்பொருள் டாக்டருக்கு உதவலாம். அதுவே நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ, மருந்து எழுதவோ கூடாது.

பலன் உடனே தெரிஞ்சுது. 2019 நவம்பர்ல தொடங்கின மத்திய அரசோட 'இ-சஞ்சீவனி' சேவையில, 2020 ஏப்ரல்ல நோயாளி வீட்டிலேருந்தே டாக்டரைப் பார்க்கிற வசதியும் சேர்ந்துச்சு. 2023 பிப்ரவரிக்குள்ள இ-சஞ்சீவனியில நடந்த ஆலோசனைகள் 10 கோடியைத் தொட்டுடுச்சு.

அப்ப எல்லாம் சுபம்தானே? வணக்கம் போட்டுடலாமா? பொறுங்க. அப்பத்தாவை இன்னும் ஸ்கிரீன் முன்னாடி உட்கார வைக்கவே இல்லையே. உட்கார வெச்சுப் பார்ப்போம், எங்கெங்கே முடிச்சு விழுதுன்னு.

முடிச்சு 1: பின்னிணைப்புல ஒரு பிழைப்பு

டெலிமெடிசினுக்குனு பார்லிமென்ட் போட்ட தனிச் சட்டம் எதுவும் இல்லை. எல்லாம் அந்த ஒரு பின்னிணைப்புலதான் நிக்குது. அது எவ்வளவு கெட்டினு 2023-ல தெரிஞ்சுது. தேசிய மருத்துவ ஆணையம் ஆகஸ்ட் 2-ம் தேதி டாக்டர்களுக்குப் புது நடத்தை விதிகளைக் கொண்டு வந்துச்சு. டெலிமெடிசினும் அதுல இருந்துச்சு. ஆனா மருந்துகளை ஜெனரிக் பேர்லயே எழுதணும்ங்கிற விதிக்கு டாக்டர்கள்கிட்டேருந்து எதிர்ப்பு கிளம்ப, ஆகஸ்ட் 23-ம் தேதி அத்தனை விதியையும் நிறுத்தி வெச்சுட்டாங்க. பழைய 2002 விதிகளே திரும்பி வந்துச்சு. மூணே வாரத்துல ஒரு ரவுண்டு! சண்டை ஜெனரிக் மருந்துக்கு, நிறுத்தம் எல்லாத்துக்கும்.

இன்னொண்ணு. ஆணையத்தோட பிடி டாக்டர்கள் மேலதான். ஆப் நடத்தற கம்பெனி தப்பு பண்ணினா? 'அந்த ஆப்பைக் கறுப்புப் பட்டியல்ல வெச்சு, எந்த டாக்டரும் பயன்படுத்தக்கூடாதுனு சொல்லலாம்'னு வழிகாட்டுதல் சொல்லுது. அதாவது கம்பெனியை நேரா தொட முடியாம, டாக்டர் வழியா சுத்தி வளைச்சுத் தொடறாங்க.

முடிச்சு 2: அதே டாக்டரா?

வழிகாட்டுதல்ல மருந்துகளை நாலாப் பிரிச்சிருக்காங்க. 'ஓ' பட்டியல்ல பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். மாதிரி சாதாரண மருந்துகள். இதை போன் பேச்சுலயே சொல்லலாம். 'ஏ' பட்டியல்ல இருக்கிற மருந்தை முதல் தடவை எழுதணும்னா வீடியோ கட்டாயம். ஏற்கெனவே சாப்பிட்டுட்டு இருக்கிற மாத்திரையைத் தொடர்ந்து வாங்கறதும் இதுல வருது. 'பி' பட்டியல்ல, ஏற்கெனவே நடக்கிற வைத்தியத்தோட புதுசா ஒரு மருந்தைச் சேர்க்கறது. அது 'ஃபாலோ அப்'ல மட்டும்தான். நாலாவது, தடைப் பட்டியல்.

இந்த 'ஃபாலோ அப்'தான் சிக்கல். அதே டாக்டர், அதே நோய், நேர்ல பார்த்து ஆறு மாசத்துக்குள்ள... இந்த மூணும் இருந்தாதான் அது ஃபாலோ அப். நகரத்துல ஃபேமிலி டாக்டர் வெச்சிருக்கிறவங்களுக்கு இது பிரச்னையே இல்லை. அப்பத்தாவுக்கு? அரசு ஆஸ்பத்திரியில ட்யூட்டி மாறும், டிரான்ஸ்ஃபர் வரும். இ-சஞ்சீவனி ஸ்கிரீன்ல இன்னிக்கு ஒரு டாக்டர், அடுத்த மாசம் வேற டாக்டர். ஸோ, அப்பத்தாவுக்கு ஒவ்வொரு சந்திப்பும் முதல் சந்திப்பு மாதிரிதான்! சர்க்கரை ஏறியிருக்கு, கூட ஒரு மாத்திரை சேர்க்கணும்னு ஸ்கிரீன் டாக்டருக்குத் தோணினாலும், 'நேர்ல போய்ப் பாருங்கம்மா'னுதான் சொல்லியாகணும். திரும்பவும் விடியக்காலை பஸ்.

வீடியோ கட்டாயம்ங்கிறதும் சிக்னல் ஒத்தைக் கோடு காட்டற ஊருக்குத்தான் இடி. குரல் மட்டும் கேட்குதா? அப்ப முதல் சந்திப்புல பாராசிட்டமால் மட்டும்தான்.

முடிச்சு 3: வலிக்கு மருந்து இல்லை

தடைப் பட்டியல்னு சொன்னேனே, அதுல போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துல வர்ற மருந்துகள் இருக்கு. கேட்டதும் 'நல்லதுதானே'னு தோணும். போதை மாத்திரை ஸ்கிரீன் வழியா விக்கப்படறதை யார் விரும்புவா? ஆனா, அதே சட்டத்துக்குள்ளதான் மார்ஃபினும் இருக்கு. கடைசி நிலை புற்றுநோயில துடிக்கிறவங்களுக்கு வலியைக் குறைக்கிற மருந்து அது. படுத்த படுக்கையா இருக்கிற ஒருத்தரை மலையூர்லேருந்து தூக்கிட்டு வந்துதான் மருந்துச் சீட்டு வாங்கணும்னா, அந்தப் பயணமே ஒரு தண்டனை. இளைஞர்களைப் போதையிலேருந்து காப்பாத்தற விதி, சாகப்போற ஒரு தாத்தாவோட வலியைக் கணக்குல எடுத்துக்கலை.

அடுத்து மருந்துக்கடை. நம்ம மருந்து விதிகள் 1945-ல எழுதினது. டாக்டர் எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி போட்ட சீட்டை மனசுல வெச்சு எழுதின விதி. செல்போன்ல வந்த பி.டி.எஃப்.பைக் காட்டினா, ஊர் மருந்துக்கடைக்காரர் சந்தேகமாப் பார்க்கிறது அதனாலதான். 2020 மார்ச்ல, இ-மெயில்ல வந்த சீட்டுக்கு லைசென்ஸ் உள்ள கடைக்காரர் வீட்டுக்கே மருந்து கொண்டுபோய்க் கொடுக்கலாம்னு ஒரு தற்காலிக ஆணை வந்துச்சு. ஆன்லைன் மருந்து விற்பனைக்கு வரைவு விதிகள் 2018 ஆகஸ்ட்லயே வெளியாச்சு. அந்த வருஷம் டிசம்பர்ல டெல்லி உயர் நீதிமன்றமும், நம்ம சென்னை உயர் நீதிமன்றமும் லைசென்ஸ் இல்லாத ஆன்லைன் விற்பனைக்குத் தடை போட்டுச்சு. சென்னைத் தடையை டிவிஷன் பெஞ்ச் நிறுத்தி வெச்சுது. வரைவு என்னவோ வரைவாவே நிக்குது.

முடிச்சு 4: நர்ஸம்மாவோட கை

டாக்டரோட கண் ஸ்கிரீன்ல இருக்கு. கை? அது நர்ஸம்மாவோட கை. டெலிமெடிசினோட உயிரே அந்தக் கைதான். அப்பத்தாவோட பி.பி. பார்க்கிறது, விரல்ல ரத்தம் எடுக்கிறது, காலைத் திருப்பிப் பார்த்து 'டாக்டர், குதிகால்ல புண்ணு இருக்கு'னு சொல்றது எல்லாம் அவங்கதான்.

அந்தக் கை எது வரைக்கும் போகலாம்ங்கிறதுலயும் சட்டம் குறுக்கே வருது. கர்ப்பிணிக்கு ஸ்கேனை எடுத்துக்குவோம். இப்ப பைக்குள்ள அடங்கற ஸ்கேன் மிஷின் வந்தாச்சு. நர்ஸ் எடுக்க, டாக்டர் தூரத்துலேருந்து பார்க்கலாமே? முடியாது. கருவுல இருக்கிறது ஆணா பெண்ணானு பார்த்து அழிக்கிறதைத் தடுக்க 1994-ல வந்த சட்டப்படி, ஸ்கேன் மிஷினைப் பதிவு பண்ணணும், தகுதி உள்ளவங்கதான் இயக்கணும், கையடக்க மிஷினைக் கண்ட இடத்துக்குத் தூக்கிட்டுப் போகக்கூடாது.

உசிலம்பட்டி பக்கத்துப் பெண் சிசுக் கொலைகளைப் பத்திக் கேள்விப்பட்ட நாம, அந்தச் சட்டத்தைத் தூக்கிப் போடச் சொல்ல முடியுமா? முடியாது. மலையூர்ல ஏழாவது மாசத்துல ரத்தப்போக்கோட இருக்கிற பெண்ணுக்கு ஸ்கேன் வேண்டாம்னு சொல்ல முடியுமா? அதுவும் முடியாது. ரெண்டு உயிரையும் காப்பாத்தற மாதிரி ஒரு விதியை எழுதறது கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதறதைவிடக் கஷ்டம் பாஸ்!

முடிச்சு 5: தப்பு நடந்தா யார் பொறுப்பு?

ஒருவேளை தப்பாயிடுச்சுனு வைங்க. டாக்டர் 'எனக்குப் படம் தெளிவா இல்லை'ன்னுவார். நர்ஸ் 'டாக்டர் சொன்னதைத்தான் செஞ்சேன்'ன்னுவாங்க. ஆப் கம்பெனி, 'நாங்க ரெண்டு பேரை இணைக்கிறதோட சரி'ன்னும். அப்பத்தா யார்கிட்ட கேட்கும்?

இதுல ஒரு நல்ல சேதி உண்டு. காசு வாங்கிப் பார்க்கிற வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு 1995-லயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிடுச்சு. 2019-ல வந்த புது நுகர்வோர் சட்டம், புகார் கொடுக்கிறவர் குடியிருக்கிற ஊர்லயே வழக்குப் போடலாம்னு சொல்லுது. டாக்டர் டெல்லியில இருந்தாலும் நீங்க தேனியில புகார் கொடுக்கலாம். டெலிமெடிசின் நோயாளிக்கு இது பெரிய வரம்.

வருத்தமான சேதியும் அதே 1995 தீர்ப்புலதான் இருக்கு. எல்லோருக்கும் முழுக்க இலவசமாக் கொடுக்கிற சேவை நுகர்வோர் சட்டத்துக்குள்ள வராது. அரசோட இலவச டெலிமெடிசினை நம்பற அப்பத்தாவுக்கு நுகர்வோர் கோர்ட் கதவு திறக்கிறது கஷ்டம். மருத்துவ கவுன்சில் புகார், சிவில் வழக்குனு நீளமான பாதைதான். யாருக்கு வேற வழியே இல்லையோ அவங்களுக்குத்தான் இந்தக் கதவும் சின்னது.

முடிச்சு 6: சுவருக்குக் காது, போனுக்குக் கண்

நீங்க டெலிமெடிசின்ல பேசறது நாலு பேர் இருக்கிற ஹால்ல. அப்பத்தா பேசறது ஊர்ப் பொது போன்ல. காசநோய், கருக்கலைப்பு, மனநோய்னு வாயைத் திறந்து சொல்ல முடியாத விஷயங்கள் எத்தனை? அந்தப் பேச்சும் படங்களும் எங்கே சேமிக்கப்படுது, யார் பார்க்கிறாங்க?

மருத்துவ விவரம் ரகசியத் தகவல்னு 2011 விதிகள் சொல்லுச்சு. சுகாதாரத் தகவலுக்குனே தனிச் சட்டம் கொண்டு வர 2018-ல ஒரு வரைவு வந்துச்சு. அது சட்டமாகவே இல்லை. 2023-ல தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. அதுக்கான விதிகள் 2025 நவம்பர்லதான் வெளியாச்சு, அதுவும் படிப்படியாத்தான் அமலுக்கு வரும்னு. இந்தச் சட்டத்துல மருத்துவ விவரத்துக்குனு தனி இடம் கிடையாது. உங்க பீட்சா ஆர்டரும் அப்பத்தாவோட ரத்தப் பரிசோதனையும் ஒரே வரிசையில நிக்குது. டெலிமெடிசின் வழிகாட்டுதல் இன்னொண்ணும் சொல்லுது: தொழில்நுட்பக் கோளாறாலயோ வேற ஒருத்தராலயோ ரகசியம் கசிஞ்சதுன்னா டாக்டர் பொறுப்பில்லை. நியாயம்தான். அப்ப யார் பொறுப்புனு அடுத்த வரி இல்லை.

அப்ப எல்லாத்தையும் தளர்த்திடலாமா?

இவ்வளவையும் படிச்சதும் 'எல்லா விதியையும் தூக்கிக் கடாசு'னு தோணலாம். அவசரப்படாதீங்க. 'பார்க்காம மருந்து எழுதாதே'ங்கிற விதிக்குப் பின்னாடி செத்துப்போனவங்க இருக்காங்க. ரத்னகிரிப் பெண் இருக்காங்க. விதிகளைத் தளர்த்தினா முதல்ல ஓடி வர்றது நல்ல டாக்டரா, மாத்திரை விக்கிற கம்பெனியானு யோசிக்கணும்.

இன்னொரு பயமும் உண்டு. 'அதான் ஸ்கிரீன் வெச்சாச்சே'னு சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்துல காலியா இருக்கிற டாக்டர் இடத்தை நிரப்பாமலே விட்டுட்டா? நகரத்துக்கு டாக்டர், கிராமத்துக்கு டாக்டரோட படம்னு ஆயிடக்கூடாது. பிரசவ வலி, பாம்புக்கடி, நெஞ்சுவலி... இதுக்கெல்லாம் ஸ்கிரீன்லேருந்து கை நீளாது.

அதனால கேட்க வேண்டியது தளர்வு கிடையாது, தெளிவு. பின்னிணைப்பா இல்லாம ஒரு முழுமையான சட்டம் வேணும். 'அதே டாக்டர்'ங்கிறதுக்குப் பதிலா, அதே ஆஸ்பத்திரியோட பதிவேட்டைப் பார்க்கிற எந்த டாக்டரா இருந்தாலும் ஃபாலோ அப்னு சொல்லலாம். புற்றுநோய் வலிக்கு, பதிவு பெற்ற வலி நிவாரண மையங்கள் வழியா மட்டும் விலக்கு கொடுக்கலாம். நர்ஸ், டாக்டர், கம்பெனி மூணு பேருக்கும் எது வரைக்கும் பொறுப்புனு எழுத்துல கோடு போடலாம். இதெல்லாம் ராக்கெட் விடற வேலை இல்லை. ராக்கெட்டைத்தான் இஸ்ரோ முன்னாடியே விட்டுடுச்சே!

இதுல நீங்க எங்கே?

லா காலேஜ்ல படிக்கிறீங்களா? அடுத்த மூட் கோர்ட்டுக்குத் தலைப்பு தேடி அலையாதீங்க. மேலே ஆறு இருக்கு. இன்ஜினீயரிங்கா? ஃபைனல் இயர் புராஜெக்ட்ல ஒத்தைக் கோடு சிக்னல்லயும் ஓடற வீடியோவைப் பண்ணிப் பாருங்க. சம்மதத்தைத் தமிழ்ல, எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரியற மாதிரி கேட்கிற ஸ்கிரீனை டிசைன் பண்ணுங்க. நர்ஸிங்கா? நாளைக்கு அந்தக் கை உங்களோடது. உங்க அதிகார எல்லை என்னனு இப்பவே தெரிஞ்சு வெச்சுக்கோங்க.

எந்தக் காலேஜா இருந்தாலும் வீட்டுல ஒரு வேலை இருக்கு. அடுத்த தடவை வீட்டுல யாராவது ஆன்லைன்ல டாக்டரைப் பார்த்தா, இதைக் கவனிங்க:

* டாக்டரோட பேரும் பதிவு எண்ணும் சீட்டுல இருக்கா?
* பழைய சீட்டு, சாப்பிடற மாத்திரை, ஒத்துக்காத மருந்து... எல்லாத்தையும் டாக்டர்கிட்ட சொல்லியாச்சா?
* வந்த சீட்டை போன்லயும் பிரின்ட் எடுத்தும் பத்திரப்படுத்தியாச்சா?
* பேசும்போது அறையில தேவையில்லாதவங்க யாரும் இல்லையே?
* 'நேர்ல வாங்க'னு டாக்டர் சொன்னா தள்ளிப் போடாதீங்க. அது தட்டிக்கழிக்கிறது இல்லை, அக்கறை.

மனசு சரியில்லைன்னா உங்களுக்கும் ஒரு நம்பர் இருக்கு: 14416. 'டெலி மானஸ்'ங்கிற இலவச மனநல ஆலோசனை சேவை, 2022 அக்டோபர் 10-லேருந்து. ஹாஸ்டல் ரூம்ல தனியா அழுதுட்டு இருக்கிற நண்பனுக்கும் சொல்லுங்க.

சரி, அப்பத்தாகிட்ட திரும்பி வருவோம். ஊர்த் துணை சுகாதார நிலையத்துல பெஞ்ச்ல உட்கார்ந்திருக்கு. நர்ஸம்மா டேப்லெட்டைத் திருப்பி வைக்கிறாங்க. ஸ்கிரீன்ல டாக்டர். அப்பத்தா முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டு, நேர்ல பார்க்கிற மாதிரியே கையெடுத்துக் கும்பிடுது. அந்தக் கும்பிடுல முழு நம்பிக்கை இருக்கு. அந்த நம்பிக்கைக்கு யார் பொறுப்புனு எந்தக் காகிதத்துலயும் இன்னும் முழுசா எழுதலை.

எழுதப்போற கை உங்களோடதா இருக்கட்டும். லீவுக்கு ஊருக்குப் போறீங்கதானே... வாட்ச்சை மறந்துடாதீங்க!